வந்தவருக்கு நோய், வாழ்பவருக்கு விதியா?

கிராமத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தில் தொண்டாற்ற ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். கிணறு வெட்டுகிறார்கள், குழாய் பதிக்கிறார்கள், தொட்டி கட்டுகிறார்கள். அவர்களில் பலர் வந்த சில நாட்களிலேயே வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுகிறார்கள். இது அரிதான நிகழ்ச்சி அல்ல. வளரும் நாடுகளுக்குப் பயணம் செய்வோரில், செல்லும் இடத்தையும் பருவத்தையும் பொறுத்து, இரண்டு வாரங்களுக்குள் 100க்கு 30 முதல் 70 பேர் வரை இத்தகைய வயிற்று நோய்க்கு ஆளாகக்கூடும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது.

அப்படிப் படுத்துவிட்ட தொண்டருக்கு மாத்திரை உண்டு, புட்டித் தண்ணீர் உண்டு, காப்பீடு உண்டு. நோய் முற்றினால் நகரத்து மருத்துவமனைக்கோ தாய்நாட்டுக்கோ கொண்டுசெல்ல விமானமும் உண்டு. இதில் குறைகாண ஏதுமில்லை. நோயுற்ற மனிதரை இப்படித்தான் கவனிக்க வேண்டும். கேள்வி எழுவது விமானம் புறப்பட்ட பிறகுதான். அந்த இளைஞரை மூன்றே நாளில் வீழ்த்திய அதே தண்ணீரை அந்த ஊர் மக்கள் பிறந்ததிலிருந்து குடித்து வருகிறார்களே, அவர்களுக்கான விமானம் எங்கே?

“அவர்களுக்குப் பழகிவிட்டது” என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். அனுதாபத்தோடு சொல்லப்படும் இந்தச் சொற்களுக்குள் இருக்கும் கொடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். உலகில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் மடிகிறார்கள். பழகிக்கொண்டவர்கள் என்று சொல்லப்படுவோர், அந்தக் குழந்தைப் பருவத்தைத் தாண்டி உயிர்பிழைத்தவர்கள் மட்டுமே. பழகாமல் போனவர்கள் ஊர் எல்லையில் புதைக்கப்பட்டுவிட்டார்கள். இயற்கை அளித்த எதிர்ப்புச் சக்தி என்று பேசப்படுவது, ஏழைகளின் பிள்ளைகளை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது.

ஓர் உயிரும் பல லட்சம் உயிர்களும்

2013இல் சீனாவில் ஆசிரியப் பணி செய்துவந்த அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர் ஒருவர் குடல் நோயால் இறந்தார். அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையில் நேர்ந்த குறைகள் அமெரிக்கப் பத்திரிகைகளில் விவாதிக்கப்பட்டன. அவரது குடும்பத்தினர் விடாது போராடினர். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொண்டர்களின் மருத்துவப் பாதுகாப்புக்காக ஒரு சீர்திருத்தச் சட்டத்தையே இயற்றியது. அந்த இளைஞரின் மரணம் துயரமானது. அதற்குப் பொறுப்புக் கேட்டது நியாயமானது. ஓர் உயிருக்காக ஓர் அரசு சட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் உதவி என்ற பெயரில் வந்தவர்களால் ஏழை நாட்டு மக்கள் மடிந்தபோது என்ன நடந்தது? 2010 அக்டோபரில் ஹைட்டியில் காலரா வெடித்தது. ஐ.நா. அமைதிகாக்கும் படை முகாமின் கழிவுகள் ஆற்றில் கலந்ததே அதன் தோற்றுவாய் என்று ஆய்வுகள் நிறுவின. சுமார் 10 ஆயிரம் பேர் மாண்டனர்; 8 லட்சம் பேர் நோயுற்றனர். பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கேட்டபோது, சட்டப்படி தனக்கு விலக்குரிமை உண்டென்று ஐ.நா. கைகழுவியது. அமெரிக்க நீதிமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டன. ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார். அறிவிக்கப்பட்ட 40 கோடி டாலர் உதவித் திட்டத்துக்குச் செல்வந்த நாடுகள் கொடுத்ததோ சொற்பம்.

வங்கதேசத்தின் கதை இன்னும் கொடியது. குளத்து நீரால் பரவும் நோய்களிலிருந்து மக்களைக் காப்பதற்காக 1970களிலிருந்து யூனிசெப் ஆதரவோடு லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் அங்கே இறக்கப்பட்டன. கிருமி போயிற்று, நிலத்தடியிலிருந்து ஆர்சனிக் நஞ்சு வந்தது. வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் நச்சேற்றம் என்று உலக சுகாதார அமைப்பின் ஏடு 2000ஆம் ஆண்டில் அதை வருணித்தது. 1992இல் அந்த நாட்டு நிலத்தடி நீரைச் சோதித்த பிரிட்டிஷ் நிலவியல் நிறுவனம் ஆர்சனிக் உள்ளதா என்று பார்க்கவே இல்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டன் வரை சென்று வழக்காடினார். 2006இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. கிராம மக்கள்பால் அந்த நிறுவனத்துக்குச் சட்டக் கடமை ஏதுமில்லை என்பது தீர்ப்பு.

தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தருமம் செய்தவரிடம் கணக்குக் கேட்க முடியாது. கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும். கொடுத்தது நஞ்சாகிப்போனாலும் வாய் திறக்கக் கூடாது.

தங்கம் போனது, தாகம் நின்றது

இந்த உண்மையை அறிய வங்கத்துக்கும் ஹைட்டிக்கும் போக வேண்டியதில்லை. பெங்களூருவிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் இருக்கிறது.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால்பதித்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் சேரிகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணையடிமைத்தனத்தாலும் விரட்டப்பட்ட தமிழ், தெலுங்குத் தலித் மக்கள் அங்கே குழிக்குள் இறங்கினார்கள். ஒரு காலகட்டத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சுரங்கங்களில் உழைத்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகச் சென்றது. 121 ஆண்டுகளில் அந்த மக்களின் கைகள் வெளியே கொண்டுவந்த தங்கம் சுமார் 800 டன்.

அந்தத் தங்கத்துக்காக எதுவும் கொண்டுவரப்பட்டது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரமே அதற்குப் பின், 1905இல்தான் மின்விளக்கைக் கண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலாற்றின் பேத்தமங்கலா ஏரியில் நீரேற்று நிலையம் அமைந்து தங்கவயலுக்குக் குழாய்த் தண்ணீரும் வந்தது. லாபத்துக்குத் தேவை என்றால் மலையும் தூரமும் தடையாவதில்லை என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே தங்கவயல் நிரூபித்துவிட்டது. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை என்று இன்று கைவிரிக்கும் அதிகாரிகள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

கடல் கடந்து அங்கே வந்த வெள்ளையருக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப், கோல்ப் மைதானம், மருத்துவமனை. தட்பவெப்பமும் வாழ்க்கையும் தாய்நாடு போலிருந்ததால் அதைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றே அழைத்தார்கள். தொழிலாளிக்குத் தட்டி வேய்ந்த லைன் குடிசை, பொதுக் குழாய், உலர் கழிப்பிடம். குழிக்குள் அவர்கள் சுவாசித்தது பாறைத் தூசி. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் விரிவாகப் பதிவானது தங்கவயலில்தான். 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த 1940களின் ஆய்வு, அவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் அந்த நோயால் பீடிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. நுரையீரல் கல்லாகிச் சாகும் நோய் அது, மருந்து இல்லாதது.

2001 பிப்ரவரி 28 அன்று ஒன்றிய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நட்டக் கணக்குக் காட்டி மூடினார்கள். 800 டன் தங்கம் எந்தக் கணக்கில் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. வேலை போனது, அதோடு மருத்துவமனையும் பூட்டப்பட்டது. குடியிருப்பு ஒன்றிய அரசு நிறுவனத்தின் நிலம், குடிநீரும் கழிவுநீரும் மாநில அரசின் பொறுப்பு என்று ஆண்டுக்கணக்கில் பந்தாட்டம் தொடர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் நலத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனம் 1990இல் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. பின்னர் அது நாகபுரிக்குப் போனது. 2019இல் அதையும் கலைத்து அகமதாபாத்திலுள்ள வேறொரு நிறுவனத்தோடு இணைக்க மோடி அமைச்சரவை முடிவு செய்தது. நோயாளி தங்கவயலில் இருக்கிறார். அவரது நோயை ஆராயும் நிறுவனம் ஊர் ஊராக விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

போகாமல் நின்றவை சயனைடு மேடுகள். அரைத்த பாறைப் பொடியில் சயனைடு கரைசலை ஊற்றித் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மண் 3 கோடி டன்னுக்கும் மேல், குன்று குன்றாக ஊரைச் சூழ்ந்து கிடக்கிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள்ளும் சோற்றுப் பானைக்குள்ளும் குடத்துக்குள்ளும் விழுகிறது. மழை பெய்தால் கழிவு கரைந்து ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் போகிறது. நுரையீரல் நோயும் தோல் நோயும் அங்கே வீட்டுக்கு வீடு பேசப்படும் செய்தி. வெளியூர்த் தொண்டர் ஒருவர் அங்கே தங்கி இருமத் தொடங்கினால் அது செய்தியாகும். அங்கேயே பிறந்து இருமுகிறவர்களைப் பற்றி எழுதவோ, முறையாகப் பரிசோதிக்கவோ யாருக்கும் நேரமில்லை.

குழாயில் வராதது குடத்தில் விற்கப்படுகிறது

பேத்தமங்கலா ஏரி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. ஏரிகளைத் தூர்வாரிப் பாதுகாப்பதற்குப் பதிலாக ஆழ்துளைக் கிணறுகளே தீர்வாக வைக்கப்பட்டன. 1960களின் இறுதியில் வறட்சி நிவாரணத்துக்காக யூனிசெப் கொண்டுவந்த அதிவேகத் துளையிடும் எந்திரங்கள் இந்தியாவில் இந்தப் பாதையைத் திறந்துவிட்டன. பிறகு அரசும், அரசைக் காட்டிலும் வேகமாகத் தனியாரும் பூமியைத் துளைத்தார்கள். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடியைத் தாண்டியும் துளையிட்டாயிற்று. ஆழம் கூடக்கூடப் பாறையிலுள்ள புளோரைடு நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அது குடிக்கத் தகாதது. மாவட்டத்தின் பல கிராமங்களில் அந்த எல்லை மீறப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் பற்கள் கறைபடுகின்றன. பெரியவர்களின் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. வயிற்றுப்போக்கு மூன்று நாளில் காட்டிவிடும் நோய். புளோரைடு 20 ஆண்டுகள் பதுங்கியிருந்து வெளிப்படும் நோய். இரண்டு வாரம் தங்கிப் போகும் தொண்டரை அது தொடாது. தங்கி வாழ்பவரை விடாது.

இதற்கு அரசு கண்ட மருந்து, நாணயம் போட்டால் தண்ணீர் கொட்டும் சுத்திகரிப்புக் கட்டகம். தெருக் குழாயில் பொது உரிமையாக வரவேண்டிய தண்ணீர், குடத்துக்கு இவ்வளவு என்று விலைபேசி விற்கப்படுகிறது. எந்திரம் பழுதானால் பழுதுபார்க்க ஆளில்லை. பெருநிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் இப்படி ஒரு கட்டகத்தைத் திறந்து வைத்துப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்கின்றன. அதற்கு ஓரிரு நாள் தொண்டுக்கு ஊழியர்களை அழைத்து வந்து படமும் எடுத்துக்கொள்கின்றன. கூலி வேலைக்குப் போகும் பெண் தண்ணீருக்காக இழக்கும் நேரத்துக்கும் கூலிக்கும் அந்தப் படத்தில் இடமில்லை.

சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஒன்றிய அரசு அளித்த வாக்குறுதி ஜல் ஜீவன் திட்டம். 2024க்குள் ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் முழங்கினார். கெடு முடிந்தது. 2025 நிதிநிலை அறிக்கையில் அதை 2028க்குத் தள்ளிவைத்தார்கள். குழாய் இருந்தால் போதும், அதில் வரும் நீர் எப்படி இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம் என்று ஆக்கிய திட்டத்தின் கதி இது.

மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த பெரும் நீர்த் திட்டம் இன்னொன்று உண்டு. 2018இல் தொடங்கிய கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் பெங்களூரு கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்ப வகுக்கப்பட்டது. தொடங்கிய சில வாரங்களிலேயே ஏரியில் நுரை பொங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2018 ஜூலையில் உயர்நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தன; பின்னர் தடைகள் நீங்கின. வறண்ட ஏரிகள் நிறைந்ததும், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததும் உண்மை. அந்த நீரை நம்பிப் பயிரிட்ட விவசாயிகளும் உண்டு. ஆனால் விவசாயிகள் கேட்டது எளிய கேள்வி: மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் செய்து அனுப்பினால் என்ன? செலவாகும் என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார்கள். கட்டடம் எழுப்புகிறார்கள், காவல் நிற்கிறார்கள், தரை துடைக்கிறார்கள். இரவு திரும்புகிறார்கள். மாவட்டத்தின் உழைப்பு பெங்களூருவுக்குப் போகிறது. பெங்களூருவின் கழிவுநீர் மாவட்டத்துக்குத் திரும்பி வருகிறது. பெருநகர முதலாளித்துவத்துக்கும் அதன் பின்கட்டுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கிவிடாது.

எது தொண்டு?

தொண்டர்கள் மீது பழி சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் கடல் கடந்து வந்து, இடிந்த கிராமங்களை மக்களோடு சேர்ந்து கட்டிக்கொடுத்த சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல் போன்றோரின் தொண்டை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஹைட்டியில் காலரா பரவியபோது எவரும் போகாத ஊர்களுக்கும் சென்று சிகிச்சையளித்தவர்கள் சோஷலிச கியூபாவின் மருத்துவர்கள். கொள்ளைநோய்க்கு முன்பும் அவர்கள் அங்கே இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள். ஓர் அரசு தன் கடமையாக அனுப்பிய தொண்டு அது.

தங்கவயலுக்கும் தொண்டு புதிதல்ல. துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் 1966இல் அங்கே பிறந்த பெசவாடா வில்சன், சுரங்கக் குடியிருப்பின் உலர் கழிப்பிடங்களில் மனிதர் மலத்தை மனிதர் கையால் அள்ளுவதைக் கண்டு கொதித்தெழுந்தவர். கழிப்பிடத்தைச் சுத்தப்படுத்தும் முகாம் நடத்துவதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நிர்வாகத்தோடு மோதினார், நாடெங்கும் சபாய் கர்மசாரி இயக்கம் கட்டப்பட்டது, 2003இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2013இல் புதிய சட்டமும் 2014இல் தீர்ப்பும் வந்தன. சட்டம் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு போராட்டம். ஆனால் நோயின் வேரை, அதாவது சாதியையும் அரசின் அலட்சியத்தையும், குறிவைத்த தொண்டு அது.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், 20 ஆண்டுகள் பூட்டிக்கிடந்த சுரங்க மருத்துவமனையை உள்ளூர்த் தன்னார்வலர்கள் சேர்ந்து கழுவித் துடைத்துச் சில வாரங்களில் சிகிச்சை மையமாக்கினார்கள். நாளேடுகள் அதை அதிசயமாக எழுதின. அதிசயம் வேறிடத்தில் இருந்தது. சில வாரங்களில் திறக்க முடிந்த மருத்துவமனையை 20 ஆண்டுகள் பூட்டி வைத்தது யார்? சிலிக்கோசிஸ் நோயாளி மூச்சுத் திணறிச் செத்த அந்த ஆண்டுகளில் அதைத் திறக்காதது ஏன்? மக்களின் தொண்டுள்ளத்தைப் புகழ்ந்துவிட்டுத் தன் குற்றத்தை மறைத்துக்கொள்வது அரசுகளுக்குக் கைவந்த கலை.

கணக்குத் தீர்க்கும் வேளை

2010 ஜூலை 28 அன்று, பாதுகாப்பான குடிநீரும் துப்புரவும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. பொலிவியா முன்மொழிந்த அத்தீர்மானத்தை இந்தியா உள்ளிட்ட 122 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களிக்க எவருக்கும் துணிவில்லை. ஆனால் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் உட்பட 41 நாடுகள் நடுநிலை என்ற பெயரில் ஒதுங்கிக்கொண்டன. தொண்டர்களைத் தாராளமாக அனுப்பும் நாடுகள், தண்ணீரை உரிமையென்று ஒப்புக்கொள்ள மட்டும் தயங்கின. உரிமை என்று ஏற்றால் பொறுப்பும் ஏற்க வேண்டுமல்லவா? உச்சநீதிமன்றமும் 1991லேயே மாசற்ற நீர் 21ஆவது பிரிவின் கீழ் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிவிட்டது. இருந்தும் 2022இல் உலகில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டுக்கு வரவில்லை.

தங்கவயலில் இப்போது மீண்டும் தங்கம் பேசப்படுகிறது. 2024 ஜூனில், சுமார் 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 சயனைடு மேடுகளை மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 100 ஆண்டுகளாக மக்களின் நுரையீரலை அரித்த தூசியிலிருந்தும் லாபம் எடுக்க வழி பிறந்துவிட்டது. ஏலம், ஒப்பந்தம், வருவாய் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மேடுகளைக் கிளறும்போது எழும் தூசி யார் வீட்டுக்குள் போகும், வழியும் நீர் எந்த ஏரியில் சேரும் என்று பேசுவோர் தொழிற்சங்கத்தினரும் அப்பகுதி மக்களும் மட்டுமே.

2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை உருவாக்கியது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான அந்நிதியின் முன்னுரிமைப் பட்டியலில் குடிநீரும் மருத்துவமும் இடம்பெற்றுள்ளன. ஆனால் அந்த நிதி ஓடுகிற சுரங்கம் கட்டும் உரிமத்தொகையோடு இணைக்கப்பட்டது. எல்லாம் எடுத்து முடித்துவிட்டு மூடிப்போன சுரங்கத்தின் மக்களுக்கு அதில் வழியில்லை. இந்த அநீதியைச் சரிசெய்யும் வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை.

சயனைடு மேடுகளில் ஒரு மண்வெட்டி இறங்குமுன், தங்கவயலின் நீரையும் மண்ணையும் காற்றையும் பொது நிறுவனங்கள் பரிசோதித்து முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும். அந்த மண்ணிலிருந்து கிடைக்கும் வருவாயில் முதல் உரிமை குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் என்று சட்டப்படி உறுதி செய்ய வேண்டும். முன்னாள் சுரங்கத் தொழிலாளர் அனைவருக்கும் சிலிக்கோசிஸ் பரிசோதனையும் இழப்பீடும் வேண்டும். பூட்டிக்கிடந்த மருத்துவமனை நிரந்தரப் பொது மருத்துவமனையாக வேண்டும். பெங்களூருவிலிருந்து வரும் நீர் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் பின்னரே ஏரியைத் தொட வேண்டும். ஒவ்வொரு லைன் வீட்டுக்கும், ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் சோதிக்கப்பட்ட நீர் குழாயில் வர வேண்டும். நாணயம் போட்டு அல்ல.

இவை பேராசைகள் அல்ல. தங்கவயல் தொழிலாளர் எதையும் தருமமாகப் பெற்றவர்கள் அல்லர். 1930இல் விரல்ரேகைப் பதிவு என்ற இழிவை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிக் குண்டுக்கு ஆறு தோழர்களைப் பலிகொடுத்துச் சங்க உரிமையை நிலைநாட்டியவர்கள் அவர்கள். அந்தத் தியாகிகளின் பேரப்பிள்ளைகள் இன்று காலிக் குடத்தோடு தெருவில் நிற்கிறார்கள்.

உதவ வரும் இளைஞர் வரட்டும். நோயுற்றால் நலம்பெற்று ஊர் திரும்பட்டும். திரும்பும்போது ஒரு கேள்வியைத் தன் நாட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்: லண்டனுக்குப் போன தங்கத்தின் விலை எங்கே? இங்கே வாழ்பவர்களோ அந்தக் கேள்வியோடு நிற்க மாட்டார்கள். கணக்கைத் தீர்க்கும் வரை அவர்கள் வீதியில் நிற்பார்கள். குடத்தோடும் கொடியோடும்.